'இரண்டாவது டச் அப் இலவசம்': முகத்தில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளுமுன் இந்தப் பில்லைப் படியுங்கள்

வயிற்றுக் கொழுப்பை எடுத்துக் கன்னத்திலும் கண்ணுக்குக் கீழும் நெற்றியிலும் ஏற்றிக்கொண்ட ஒரு பெண்ணுக்குக் கொடுத்த பில்லில் நான்கே வரி. 'முகக் கொழுப்பு ஏற்றம் 60 சிசி. ஸ்டெம் செல் செறிவூட்டல். மீதிக் கொழுப்பு ஃப்ரீசர் சேமிப்பு. ஆறு மாதத்தில் இரண்டாவது டச் அப் இலவசம்.' செய்த மருத்துவர் யார் என்பது எங்கேயும் இல்லை. இன்று அவருடைய இடது கண்ணுக்குக் கீழே பட்டாணி அளவில் மூன்று கட்டிகள். இலவச டச் அப்புக்கு (குறைந்த இடத்தில் மறுபடி கொழுப்பு ஏற்றுவதற்கு) பிறகு வலது கன்னத்தில் வந்த சிவந்த வீக்கம் இன்னும் ஆறவில்லை. இந்த நான்கு வரியும் வேறு பல கிளினிக் பில்களிலும் இருக்கும் என்பதால்தான் இந்தப் பதிவு.

முதலில், அந்த 60 சிசி. உறிஞ்சும்போது சிரிஞ்சுக்குள் வருவது வெறும் கொழுப்பு இல்லை. மரத்துப்போக முன்கூட்டி ஏற்றிய லிக்னோகெயின், அட்ரினலின் கரைசலும் ரத்தமும் உடைந்த செல்களின் எண்ணெயும் அதில் கலந்திருக்கும். அமெரிக்க மருத்துவர் சிட்னி கோல்மன் வகுத்த முறைப்படி 10 சிசி சிரிஞ்சில் மெதுவாகக் கையால் இழுத்து, சென்ட்ரிஃப்யூஜ் கருவியில் நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் 3 நிமிடம் சுழற்றினால் மேலே எண்ணெய், அடியில் தண்ணீரும் ரத்தமும், நடுவில் கொழுப்பு என்று பிரியும். அந்த நடு அடுக்கு மட்டும்தான் முகத்துக்குப் போகவேண்டியது. எடுத்த அளவையே ஏற்றிய அளவாகப் பில்லில் எழுதிக் காசு வாங்குவது முதல் ஏமாற்று.

உண்மையிலேயே 60 சிசி ஏற்றியிருந்தால் அது இன்னும் மோசம். ஏற்றிய கொழுப்புக்குப் புது ரத்தக் குழாய் முளைக்கும்வரை, பக்கத்துத் திசுவிலிருந்து ஊறிவருவதை வைத்துத்தான் அது பிழைக்கவேண்டும். அந்த ஊற்று ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் எட்டாது. உருண்டையாகத் தள்ளிய கொழுப்பின் நடுப்பகுதி செத்து எண்ணெய்ப் பையாகும், அதைச் சுற்றி ஓடு கட்டும், நாளடைவில் சுண்ணாம்பும் படியும். அதனால்தான் 1 சிசி சிரிஞ்சு, மழுங்கிய முனைக் கேனுலா (மெல்லிய உலோகக் குழாய்), பின்னால் இழுக்கும்போது மட்டும் விடுவது, ஒரு இழுப்புக்கு 0.1 சிசிக்கு மேல் போகாமல் இருப்பது என்பதெல்லாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 சிசிக்குக் குறைந்தது 600 இழுப்பு. 'எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம்தான்மா' என்று கவுன்சலர் சொன்னால் அங்கே 0.1 சிசியாக ஏற்றப்போவதில்லை என்று அர்த்தம்.

கண்ணுக்குக் கீழே தோல் மிக மெல்லிசு. அங்கே எலும்பை ஒட்டி, தசைக்கு அடியில், ஒரு பக்கத்துக்கு ஒரு சிசியை ஒட்டிய அளவுதான், அதுவும் துளித்துளியாக. மேலாக விட்டால் கட்டி வெளியே தெரியும். ஹயலுரானிக் ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பப் போடும் ஜெல் ஊசி) என்றால் கரைக்க ஊசி உண்டு. கொழுப்புக்கு அப்படி மாற்று மருந்து கிடையாது. கத்தி வைத்துத்தான் எடுக்கவேண்டும், அதுவும் முழுதாக வருவதில்லை.

புருவ நடுவிலும் மூக்கிலும் ஏற்றுவது பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அங்குள்ள தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியோடு இணைந்தவை. கூர்முனை ஊசியால், பெரிய சிரிஞ்சை வைத்து அழுத்தித் தள்ளினால் கொழுப்பு தமனிக்குள் பின்னோக்கி ஏறி விழித்திரையின் தமனியை அடைக்கலாம், மூளைக்கும் போகலாம். ஃபில்லர் ஊசிகளால் பார்வை போனதாக மருத்துவ இதழ்களில் பதிவானவற்றில் சொந்தக் கொழுப்பால் நேர்ந்தவை மிகக் கடுமையானவை. பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. முழு மயக்கத்தில் இருக்கும் நோயாளியால் 'கண் தெரியவில்லை' என்று சொல்லவும் முடியாது.

ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்) வரிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் தேசிய ஸ்டெம் செல் வழிகாட்டுதல்படி, அழகு சிகிச்சைக்கு ஸ்டெம் செல் என்று விற்பது ஏற்கப்பட்ட சிகிச்சையே இல்லை. அந்த வரிக்குப் பணம் கட்டாதீர்கள்.

பில்லிலேயே மிகக் கெடுதலானது அந்த 'இலவசம்'தான். ஏற்றியதில் கணிசமான பங்கு முதல் மூன்று மாதத்தில் கரைந்துபோவது இயல்பு. பாதி நின்றால் நல்ல பலன். ஆகவே இரண்டாவது தடவை தேவைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அதற்குப் புதிதாகக் கொழுப்பு எடுக்கவேண்டும். தொடையின் உள்பக்கத்தில் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து 10, 20 சிசி எடுத்தால் போதும். அந்த வேலையை மிச்சம் பிடிக்கத்தான் ஃப்ரீசர். பாதுகாப்பு மருந்து சேர்க்காமல் சாதாரண ஃப்ரீசரில் வைத்த கொழுப்பில் பனிப்படிகம் செல்லைக் கிழித்துவிடும். ஆறு மாதம் கழித்து உருக்கி ஏற்றுவது பெரும்பாலும் செத்த கொழுப்பு. கட்டியாகும், வீங்கும், கிருமிக்கும் இடம் கொடுக்கும். பெயர்ச்சீட்டு மாறினால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சில வாரம் கழித்துச் சிவந்து, மெல்ல உடைந்து, வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கட்டி வந்தால் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் (சரியாகக் கிருமி நீக்காத கருவியிலும் குழாய்த் தண்ணீரிலும் இருப்பவை) காரணமாக இருக்கலாம். சீழை எடுத்து மைக்கோபாக்டீரியா கல்ச்சருக்கு (அந்த வகைக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை யாரும் அதில் ஸ்டீராய்டு ஊசி போட விடாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு 'வீக்கம்தான், வடிந்துவிடும்' என்று இரண்டு தடவை அதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

கிளினிக் காட்டும் 'பிறகு' படத்தில் தேதி பாருங்கள். பத்தாம் நாள் கன்னம் பூரித்திருப்பது வீக்கத்தால். ஆறாம் மாதப் படம் இல்லாவிட்டால் அது பலனுக்குச் சாட்சி ஆகாது.

பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கவேண்டியவை: அறுவை செய்பவரின் பெயர், மருத்துவக் கவுன்சில் பதிவு எண், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச் அல்லது டி.என்.பி பட்டம் உண்டா என்பது ('காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்ற பலகை அறுவை சிகிச்சைப் பட்டம் ஆகாது), மயக்க மருத்துவர் யார், எந்த இடத்தில் எத்தனை சிசி, இரண்டாவது தடவை புதுக் கொழுப்பா என்பது. கடைசிக் கேள்விக்கு 'சேமித்ததுதான்' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் ஆபரேஷன் குறிப்பையும் மயக்க மருந்துக் குறிப்பையும் எழுதிக் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். விதி மூன்று ஆண்டுதான் ஆவணத்தை வைத்திருக்கச் சொல்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யவும் இரண்டு ஆண்டுதான் அவகாசம். அந்தப் பெண் இன்னும் எழுதிக் கேட்கவில்லை, கிளினிக்காரர்கள் 'அடுத்த வாரம் வாங்க' என்று வாயால் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.