வெட்டித் தைக்கப் பழைய காந்தா போர்வை: வாங்கலாமா?

இணையத்தில் 'விண்டேஜ் காந்தா' என்ற பெயரில் வரும் போர்வைகளில் இரண்டு ரகம் உண்டு. கட்டிலில் விரிக்கும் நிலையில் இருப்பது ஒன்று. ஓரம் கிழிந்து, நடுவில் நைந்து, 'கைவேலைக்கு மட்டும்' என்ற குறிப்போடு விலை குறைத்து விற்பது இன்னொன்று. இங்கே பார்ப்பது இரண்டாவது ரகத்தை. சின்னப் பைகள், ஊசி குத்தி வைக்கும் பின்குஷன், டம்ளர் வைக்கும் வட்டுகள் தைப்பவர்களுக்கு இது அருமையான சரக்கு. ஆனால் படத்தில் தெரியும் மேல்துணியின் அழகைப் பார்த்து வாங்கக் கூடாது. கைவேலை நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் அடுக்குகள்தான்.

வங்காளத்து வீடுகளில் பழம் புடவை, வேட்டிகளை அடுக்கடுக்காக விரித்து, நெடுக ஓட்டுத்தையல் (ரன்னிங் ஸ்டிச்) போட்டுச் செய்வதுதான் காந்தா. தைக்கும் நூலைக்கூடப் புடவைக் கரையிலிருந்து உருவிக்கொள்வது அங்கே பழைய வழக்கம். நம் 'கந்தை' என்ற சொல்லும் இதே வேரில் வந்ததுதான். ரஜாய் என்ற பஞ்சுப் போர்வை மாதிரி உள்ளே பஞ்சு கிடையாது, அதனால் வெட்டும்போது எதுவும் கொட்டாது. கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டு, அந்த ஒட்டும் தேய்ந்தால் அதன் மேல் இன்னொன்று போட்டிருப்பார்கள். மேலே இருக்கும் மஞ்சள் சேலை தேய்ந்து விலகிய இடத்தில், உள்ளிருந்து கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கரை எட்டிப் பார்க்கும். புதுத்துணியில் என்ன செய்தாலும் அது வராது.

பழசு என்ற பெயரில் புதிதாகத் தைத்ததும் நிறைய விற்கிறது. ஒட்டுகள் எல்லாம் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஓட்டுத்தையலில் தையலுக்கும் தையலுக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லாமல் ஒரே கோடாக ஓடினால் அது மிஷின் தையல்.

பார்சல் வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மேலே ஒரு குறையும் தெரியாத இடத்தில் வெளிச்சம் திட்டுத் திட்டாக ஊடுருவினால், அங்கே உள் அடுக்கு உளுத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்து மெதுவாக இழுங்கள். 'சர்' என்று சத்தம் கேட்டால் அந்தப் பகுதியைச் சாக்பீஸால் வட்டமிட்டு ஒதுக்கிவிடுங்கள். புடவையின் மடிப்பு விழுந்த கோடுகளில்தான் இது அதிகம்.

அடுத்தது, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் இரண்டு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பார்ப்பது. பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி, உருகி, கெட்டியான மணியாக நிற்கும். நடு அடுக்கில் ஒரு பாலியஸ்டர் புடவை ஒளிந்திருந்தாலும் அந்தத் துண்டில் அடுப்படிப் பிடிதுணி தைக்காதீர்கள். சூடான பாத்திரம் பட்டால் உருகிக் கையைச் சுட்டுவிடும்.

துவைப்பது வெட்டுவதற்கு முன்பு. வெட்டிய துண்டைத் துவைத்தால் ஓரம் எல்லாம் பிரிந்துவிடும். முதலில் ஒவ்வொரு நிறத்தின் மேலும் நனைத்த வெள்ளைத் துணியை ஐந்து நிமிடம் அழுத்தி வைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். சிவப்பும் கறுப்பும்தான் பெரும்பாலும் காலை வாரும். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்பதை நம்பி இறங்க வேண்டாம். சாயம் போகிற போர்வையைத் துவைக்காமல், தண்ணீர் படாத பின்குஷனுக்கு வைத்துக்கொள்ளலாம். சாயம் நிற்பதைக் குளிர்ந்த தண்ணீரில், பட்டுக்குப் போடும் திரவ சோப்பில் 20 நிமிடம் ஊறவையுங்கள். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பார்கள், ஆனால் இந்தக் கந்தையைக் கசக்கக் கூடாது. முனையைப் பிடித்துத் தூக்கவும் கூடாது, ஈரத்தின் கனத்திலேயே கிழியும். அடியில் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு அதோடு சேர்த்துத் தூக்கி, நிழலில் பரப்பி உலர்த்துங்கள்.

வெட்டும்போதுதான் பலருக்கும் கெட்டுப்போகிறது. காந்தாவில் அடுக்குகளைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஓட்டுத்தையல் ஒன்றுதான், அதற்கு நடுவில் எங்கும் முடிச்சு கிடையாது. கத்தரிக்கோல் பட்டதும் ஒவ்வொரு வரிசை நூலும் இரு பக்கமும் திறந்துகொள்ளும். லேசாக இழுத்தாலே உருவி வரும், அடுக்குகள் தனித்தனியாக நழுவும். அதனால் முதலில் சாக்பீஸால் அளவு வரைந்து, கோட்டுக்கு உள்ளே கால் அங்குலத்துக்கும் குறைவாகத் தள்ளி, இரண்டு சுற்று மிஷின் தையல் போட்டு, அதன் பிறகே கோட்டின் மேல் வெட்டுங்கள். 16 நம்பர் ஊசி, 3 மில்லிமீட்டர் தையல். துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் மேல் அடுக்கு முன்னால் தள்ளப்பட்டுச் சுருக்கம் விழும்.

மெலிந்த துண்டுக்கு, இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் பசைத்துணியான ஃபியூசிங் கேன்வாஸ் ஒட்டுவது வீண். பசை அடி அடுக்கை மட்டும் பிடிக்கும், மேலடுக்கு பாட்டுக்கு நைந்துகொண்டே போகும். இஸ்திரிச் சூட்டில் காந்தாவுக்கே உரிய அந்த அலையலையான நெளிவும் தட்டையாகிவிடும். பின்னால் மெல்லிய மல் துணி வைத்து, பழைய தையல் ஓடும் வழியிலேயே கையால் ஒருமுறை ஓட்டிக்கொடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் அதுதான் நிற்கும்.

கணக்கு இப்படி வரும். 60க்கு 90 அங்குலப் போர்வை என்றால் 5,400 சதுர அங்குலம். மூன்றில் ஒரு பங்கு உளுத்தது என்று ஒதுக்கினால் மிச்சம் 3,600. ஜிப் பை ஒன்றுக்கு 9க்கு 7 அளவில் இரண்டு துண்டு, பின்குஷனுக்கு 5க்கு 5 இரண்டு, வட்டுக்கு நாலரை அங்குலச் சதுரம் ஒன்று. சேதாரம் போக 12 பை, 10 பின்குஷன், 24 வட்டு தாராளமாகத் தேறும். பாதிக்கு மேல் உளுத்திருந்தால் வாங்கியது நஷ்டம்தான். பைக்கு லைனிங் கட்டாயம், இல்லாவிட்டால் உள்பக்கப் பிசிறு ஜிப்பில் மாட்டும். பின்குஷனில் இலவம்பஞ்சு அடைத்தால் ஊசி ஆடும். வெயிலில் நன்றாகக் காய்ந்த மரத்தூளை இறுக அடையுங்கள். வெட்டி மிஞ்சிய துணுக்குகளையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். தாமரை, யானை, தேர், மனித உருவம் என்று கையால் படம் தைத்த நக்ஷி காந்தா தப்பித் தவறி வந்து சேர்ந்தால், எவ்வளவு கிழிந்திருந்தாலும் வெட்டாதீர்கள். கொல்கத்தாவை அடுத்த ஜோகாவிலுள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்துப் போற்றிய வேலை அது. கட்டங்களும் நேர்க்கோடுகளும் மட்டும் உள்ள சாதாரணப் போர்வையே நம் வேலைக்குப் போதும். வாங்குமுன், போர்வையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்ப மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.