மாலைக் காபிக்குக் காஃபின் நீக்கிய தூள்: மயிலாப்பூர்க் கடை ஒன்றின் மதிப்புரை

மயிலாப்பூரில் நான் வழக்கமாகக் காபித்தூள் வாங்கும் கடையில், வழக்கமான கொட்டை வகைகளான பீபரிக்கும் பிளான்டேஷன் ஏ-க்கும் பக்கத்தில் காஃபின் நீக்கிய அராபிகா கொட்டையையும் வைத்திருக்கிறார்கள். மாலைக் காபியை விட மனம் வராமலும், நள்ளிரவு தாண்டியும் உறக்கம் வராமலும் தவிப்பவர்களுக்கு இது உதவுமா என்பதுதான் கேள்வி. உட்கொண்ட காஃபினில் பாதி குறையவே பெரும்பாலோருக்கு ஏறத்தாழ 5 மணி நேரம் ஆவதால், மாலை 5 மணிக்குக் குடித்த காபியிலிருந்த காஃபினில் பாதி இரவு 10 மணிக்கும் உடலில் தங்கி, களைப்பை மூளைக்கு உணர்த்தும் அடினோசினின் வேலையைத் தடுத்துக்கொண்டிருக்கும்.

மணத்தில் இந்தத் தூள் தோற்கிறது. வறுப்பதற்கு முன்பே, பச்சைக் கொட்டையை ஈரமாக்கி, கரைப்பானாலோ தண்ணீராலோ அழுத்தமூட்டிய கரியமில வாயுவாலோ காஃபினைப் பிரிக்கிறார்கள். அப்போது மணத்துக்குரிய பொருள்களும் ஓரளவு உடன் வெளியேறிவிடுகின்றன. பால் சேர்க்காமல் குடிப்பவர்களுக்கு இது உடனே தெரிந்துவிடும். டிகாக்‌ஷனும் முதலில் நீர்த்துப்போய், வேகமாக இறங்கியது. இன்னும் சற்று நைசாக அரைக்கச் சொல்லி, பில்டரில் தூளை நன்றாக அழுத்தி, வெந்நீரைக் குறைத்து ஊற்றியதும் திடம் கிடைத்தது. கால் பங்கு சிக்கரி சேர்த்தால் நிறமும் கூடுகிறது, சிக்கரியில் காஃபினும் கிடையாது. சிக்கரி என்ற பேச்சையே விரும்பாத என் மாமியார்கூட, டபராவில் ஆற்றிக் கொடுத்த இந்தக் காபியை மறுப்பின்றிக் குடித்தார்.

இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கு முக்கியக் காரணம், வழக்கமான கொட்டையையும் காஃபின் நீக்கியதையும் நாம் கேட்கும் விகிதத்தில் கலந்து அரைத்துத் தருவதுதான். நாள்தோறும் காபி குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளுக்குள் தலைவலியும் சோர்வும் வரக்கூடும் என்பதால், பாதிக்குப் பாதி கலவையில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பதே எளிது. நான் காலைக் காபியில் கை வைக்கவில்லை. மாலைக்கு மட்டும் மாற்றிக்கொண்டதிலேயே படுத்ததும் உறக்கம் வரத் தொடங்கியிருக்கிறது.

காஃபின் எந்த முறையில் நீக்கப்பட்டது, எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்ற விவரம் பொட்டலத்தில் இல்லாதது பெருங்குறை. கேட்டால், “துளிகூடக் கிடையாதுங்க” என்கிறார் கடைக்காரர். அது சரியன்று: காஃபின் நீக்கிய வறுத்த காபியில் எஞ்சலாம் என ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகள் வகுத்துள்ள வரம்பே 0.1 சதவீதம், சாதாரண அராபிகாவில் இருப்பதோ ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். ஆகவே சிறிதளவு காஃபினும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதை நம்பி இரவில் குடிக்க வேண்டாம். விலையும் பீபரியைவிடக் கணிசமாக அதிகம். மணம் சீக்கிரமே குறைந்துவிடுவதால் ஒரு நேரத்தில் 100 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். அரைக்கும் முன், இயந்திரத்தில் தங்கியிருக்கும் முந்தைய தூளைத் தட்டி எடுக்கச் சொல்லுங்கள்; சொன்னால் செய்கிறார்கள்.