பூந்தோட்டம் போட்டுத் தாறம் என்று வருபவர்களிடம் கவனம்: மட்டக்களப்பு, அம்பாறை உறவுகளுக்கு

மாரிக்கு முன் முற்றத்தில் பூக்கன்று வைக்க நினைத்திருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். ஆரையம்பதியில் இருக்கும் என் அம்மாவிடம், வீட்டு முன்பக்கத்தைப் பூந்தோட்டமாக்கித் தருவதாக ஒருவர் 60,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போன காசைவிட, அவர் கொண்டுவந்து கொட்டிய மண்தான் இன்றைக்கும் எங்களுக்குத் தலையிடி.

ஆள் வந்தது புரட்டாசிக் கடைசியில். சின்ன லொறி நிறையப் பூத்த ரோசா, டேலியா, ஹைட்ரேஞ்சியா. "அம்மா, நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. தை பொறக்கக்குள்ள முத்தம் முழுக்கப் பூவாக்கித் தாறன்" என்று சொல்லி, போனில் அழகழகான தோட்டங்களைக் காட்டியிருக்கிறார். பில் கேட்டால் "வேல முடியட்டும், மொத்தமா எழுதித் தாறன்."

ரோசாவில்தான் முதலில் பிடிபட்டது. பூ உதிர்ந்த பிறகு ஒன்றிலும் துளிர் இல்லை. ஒரு தண்டைப் பிடித்து மெல்ல இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வேர் என்று நூலளவுகூட இல்லை. சரிவாக வெட்டிய அடி, கறுத்து வழுக்கும் பட்டை, சுற்றிவர ஈரத் தும்புத்தூள். மொட்டோடு முறித்த கொப்புகளைப் பையில் குத்திவைத்து ஒட்டு ரோசா என்று விற்றிருக்கிறார். கொப்பில் மிச்சமிருக்கும் சத்தில் மொட்டு விரியும், அதோடு சரி. வாங்கும்போது பையின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் தெரிகிறதா என்று பாருங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கினால் மண்ணும் சேர்ந்து எழும்ப வேண்டும். உண்மையான ஒட்டுக் கன்று என்றால் அடித்தண்டில் ஒட்டிய இடம் முடிச்சாகத் தெரியும்.

மண் விசயம் இதைவிட மோசம். "பசளை கலந்த தோட்டத்து மண்" என்று ட்ரக்டர் பெட்டியில் வந்தது, பார்வைக்கு நல்ல கறுப்பு. பெருமழையில் மேல்மண் கழுவுப்பட்டதும் உள்ளிருந்து குறுணி குறுணியாகச் சிப்பி ஓடுகள். மாசியில் வெயில் ஏறியதும் பாத்தி ஓரமெல்லாம் வெள்ளைப் படலம், விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. வாவிக்கரையில் அள்ளிய சேறு அது. எங்கள் வாவி கடலோடு கலக்கிறது, கரைமண்ணில் உப்பில்லாமல் இருக்குமா? உப்பு ஏறிய மண்ணில் தண்ணீர் நின்றாலும் வேரால் அதைச் சரியாக உறிஞ்ச முடியாது. நான் பிறக்க முதலே நின்ற மல்லிகையின் அடியிலும் அந்தாள் அதைப் பரப்பிவிட்டார். இலை ஓரம் கருகி, கொடி முழுக்கப் பட்டுப்போனது. அம்மா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டா.

மண் இறக்கும் முன் ஒரு பிடி எடுத்து நல்ல தண்ணீரில் கரையுங்கள். தெளிந்த தண்ணீரை ஒரு பீரிசில் ஊற்றி வெயிலில் வற்ற வையுங்கள். வெள்ளையாகப் படிந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

டேலியாவும் ஹைட்ரேஞ்சியாவும் நுவரெலியா, பண்டாரவளைக் குளிருக்கு உரியவை. அதை நம் கரையோர மணலில், வைகாசியில் தொடங்கும் கச்சான் காற்றில் வளர்க்கலாம் என்று சொல்வது பச்சைப் பொய். தரையில் பதிக்கும் மலேசியப் புல்கூட நிழலும் ஈரமும் உள்ள இடத்துக்குத்தான், வெட்டவெளிக்கும் உப்புக்கும் தாங்காது. வருசத்து மழையில் பாதிக்கு மேல் கார்த்திகை முதல் தை வரை கொட்டுகிற ஊர் இது. அதைத் தெரிந்துகொண்டே பள்ளத்தில் பாத்தி வெட்டியிருக்கிறார். மார்கழி முழுக்கத் தண்ணீர் நின்றது.

செவ்வரத்தை, எக்சோரா, நந்தியாவட்டை, கடதாசிப்பூ எல்லாம் முதல் மழையோடு மேட்டில் வையுங்கள். கச்சான் வருமுன் வேர் ஊன்றிவிடும். செவ்வந்தி, காசித்தும்பை, சீனியா என்றால் அவசரப்படாமல் பெருமழை ஓய்ந்து தை நடுவில் விதையுங்கள், சித்திரை வருசத்துக்கு முற்றம் நிறையப் பூ நிற்கும். சந்தேகம் என்றால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

இன்னொன்று முக்கியம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கிய 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில் காசு வாங்கியவர் "தை பொறக்கட்டும்" என்று ஏன் சொன்னார் என்று இப்போது விளங்குகிறதா? பொறுத்திருந்தால் அந்தக் காலம் ஓடிவிடும். எங்களிடம் லொறி இலக்கம் இருந்தது, ரோசா பிடிபட்டதுமே எழுதிக் கொடுத்துவிட்டோம். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. தர மறுப்பவரிடம் ஒரு கன்றுகூட வாங்காதீர்கள்.

அம்மாவை ஏமாற்றியவர் இப்போது களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. வயசான தாய் தகப்பன் தனியாக இருக்கும் வீடுகளைப் பார்த்துத்தான் நுழைகிறார். வெளிநாட்டில், கொழும்பில் இருக்கும் பிள்ளைகள் இன்றைக்கே வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.