கால அட்டவணையா, கடித உறையா, மகாராஜா பையா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் பர்மா தேக்குத் தூணும், ஆளுயரக் கண்ணாடியும், எனாமல் தூக்குகளும் வாசலிலேயே நின்று உங்களைக் கூப்பிடும். விமானச் சாமான் தேடி வருகிறவன் மட்டும் குனிந்துதான் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது எப்போதும் மேஜைக்கு அடியில், மூடி சரியாக மூடாத ஒரு தகரப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைகளோடும் பழைய ரசீதுகளோடும் சேர்ந்து கிடக்கும். நான் பதினைந்து வருஷமாகக் குனிந்துகொண்டிருக்கிறேன். இந்தக் கிறுக்கு புதிதாகப் பிடித்தவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கொஞ்சம் பணம் இருக்கிறது, எதை வாங்கலாம்?

போட்டியில் இருப்பவை மூன்று. வழித்தட வரைபடம் அச்சிட்ட பழைய கால அட்டவணைகள்; விமானத்தில் போய்வந்த கடித உறைகள்; அப்புறம் மகாராஜா பொம்மை, சாம்பல் கிண்ணம், தோள்பை மாதிரி பார்வைச் சாமான்கள். என் ஓட்டு கடித உறைக்கு. அதுவும் அழகான உறைக்கு இல்லை, அழுக்கு உறைக்கு.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். ஏர் இந்தியா மகாராஜா 1946-ல் பிறந்தவர், கம்பெனி அதிகாரி பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் சேர்ந்து உருவாக்கியது. அந்த மீசைக்கு மயங்காதவர்கள் கிடையாது, நானும் மயங்கியிருக்கிறேன். ஆனால் இன்று கடையில் பார்க்கிற மகாராஜாக்களில் பாதிக்கு மேல் போன வருஷம் வார்த்தவை என்பது என் அனுபவம். பீங்கான் சாம்பல் கிண்ணம் எதைக் கையில் எடுத்தாலும் "டாலி செஞ்சது சார்" என்று ஒரு கதை வரும். ஏர் இந்தியாவுக்காக ஸ்பெயின் ஓவியர் சால்வடோர் டாலி 1967-ல் கிண்ணம் வடிவமைத்ததும், கூலியாக யானைக்குட்டி ஒன்றை வாங்கிக்கொண்டதும் உண்மைதான். அந்தக் கிண்ணம் தகரப் பெட்டியில் உங்களுக்காகக் காத்திருக்காது என்பதும் உண்மை. வீட்டில் யாராவது மலேயாவிலிருந்து தோளில் மாட்டிக்கொண்டு வந்த பை பரணில் கிடந்தால் பத்திரமாக வையுங்கள், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

கால அட்டவணை கௌரவமான எதிராளி. மடித்து மடித்து விரிக்கிற அந்தத் தாளில் ஒரு காலத்தின் ஆசை மொத்தமும் இருக்கும். பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் 1929 மார்ச் 30-ல் லண்டன்–கராச்சி சேவையைத் தொடங்கியது. அந்த வருஷக் கடைசியில் தடம் டெல்லி வரை நீண்டது, 1933-ல் கல்கத்தா, ரங்கூன், டிசம்பரில் சிங்கப்பூர். ஒவ்வொரு வருஷத்து அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தக் கோடு கொடி மாதிரி கிழக்கே ஊர்ந்து வருவது தெரியும். அடியில் இருக்கிற சிறிய எழுத்தைப் படித்தால் இன்னும் வேடிக்கை: லண்டனில் ஏறிய பயணி ஐரோப்பாவின் ஒரு பெரிய பகுதியை ரயிலில்தான் கடந்திருக்கிறார், பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி வரை. கராச்சிக்கு இந்தப் பக்கம் பறந்த அடலாண்டா விமானத்தில் ஒன்பது பேர் உட்காரலாம். நம் ஊர் வேன்களில் இதைவிடக் கூட்டம் ஏறும்.

டச்சுக்காரர்களின் கேஎல்எம் அட்டவணை கிடைத்தால் இம்பீரியலோடு சேர்த்துப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பட்டேவியா (இன்றைய ஜகார்த்தா) போகிற அவர்கள் தடமும் கராச்சி, ஜோத்பூர், அலகாபாத், கல்கத்தா, ரங்கூன் வழியாகத்தான் போயிற்று. 1930-களின் நடுவில் அவர்கள் பளபளவென்று டக்ளஸ் டிசி-2 ஓட்டினார்கள்; இம்பீரியலோ கெய்ரோ–கராச்சி பகுதியில் இரட்டைச் சிறகு ஹெச்.பி.42-ஐ மணிக்கு நூற்று அறுபது கிலோமீட்டர் சொச்சத்தில் நகர்த்திக்கொண்டிருந்தது. ஒரே ஊர்களுக்கு இடையில் இரண்டு கம்பெனியும் காட்டுகிற நேரத்தை ஒப்பிட்டாலே யார் கை ஓங்கியிருந்தது என்று புரிந்துவிடும்.

நம் பக்கத்துக்கு டாட்டா அட்டவணைதான் பிரியமானது. 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார், அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அவர் கூட்டாளி நெவில் வின்சென்ட் ஓட்டிவந்தார். 1938-ல் அந்தத் தடம் திருச்சி வழியாகக் கொழும்புக்கு நீண்டது. வரைபடத்தில் திருச்சிப் புள்ளியைப் பார்க்கும்போது செட்டிநாட்டுக்காரனுக்கு ஒரு கூச்சம் கலந்த பெருமை வரத்தான் செய்யும், கொழும்பு செட்டியார் தெருவுக்குப் போன கடிதங்கள் நம் தலைக்கு மேலே இல்லாவிட்டாலும் பக்கத்திலாவது பறந்திருக்கின்றன என்று.

ஆனால் கால அட்டவணை என்பது கம்பெனி கொடுத்த வாக்கு. வாக்கு காப்பாற்றப்பட்டதா என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. உறைக்குத் தெரியும்.

என்னிடம் இருக்கிற ஒரு உறையைச் சொல்கிறேன். ரங்கூன் முகல் தெரு வட்டிக்கடை ஒன்றிலிருந்து தேவகோட்டைக்கு வந்தது, 1935. பர்மா அப்போது இந்தியாவோடு சேர்ந்திருந்ததால் இந்தியத் தபால் தலைதான் ஒட்டியிருக்கிறது, 1929-ல் வெளியான ஆறு விமானத் தபால் தலைகளில் ஒன்று, மன்னர் தலைக்குப் பக்கத்தில் குட்டி விமானம். (1937 ஏப்ரலில் பர்மா பிரிந்த புதிதில் வந்த உறைகளில் இந்தியத் தலை மேலேயே பர்மா என்று கறுப்பில் அடித்திருக்கும். வருஷம் அழிந்துபோயிருந்தாலும் இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.) முகவரியில் முதலில் விலாச எழுத்துகள் (குடும்பத்தின், கடையின் அடையாள முதலெழுத்துகள்), அப்புறம் பெயர், அப்புறம் ராம்நாட் ஜில்லா. இடது மூலையில் நீல நிற ஏர் மெயில் சீட்டு, பாதி உரிந்து நிற்கிறது. முன்பக்கம் ரங்கூன் முத்திரை 11-ஆம் தேதி. திருப்பினால் கல்கத்தா 12. தேவகோட்டை 16.

இதைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் குழம்பினேன். ரங்கூனிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரே நாளில் பறந்த கடிதம் தேவகோட்டைக்கு வர இன்னும் நாலு நாள் எதற்கு? அப்போதுதான் அட்டவணை வரைபடங்களை எடுத்து விரித்தேன். இம்பீரியல் கோடு கராச்சியிலிருந்து வடக்கே டெல்லி, கல்கத்தா என்று போகிறது. டாட்டா கோடு கராச்சியிலிருந்து தெற்கே பம்பாய், சென்னை என்று வருகிறது. கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் நடுவில் இரண்டு கம்பெனிக்கும் கோடே இல்லை. கல்கத்தாவில் இறங்கிய கடிதம் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்து, சென்னையில் இன்னொரு ரயிலுக்கு மாறி ஊர் வந்து சேர்ந்திருக்கிறது. ரங்கூனில் கப்பலேற்றியிருந்தால் சென்னைத் துறைமுகம் வர மூன்று நான்கு நாள், அங்கிருந்து ஒரு ராத்திரி. ஆகமொத்தம் விமானக் கட்டணம் கட்டி அந்தக் கடை மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லை! கப்பல் புறப்படுகிற நாள் தவறிப்போயிருந்தால் ஒழிய இதில் என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை, ஒருவேளை வட்டி ஏறுகிற விஷயம் ஏதாவது இருந்திருக்கலாம். லேவாதேவிக்காரர்கள் காரணமில்லாமல் காலணா செலவழிக்கமாட்டார்கள்.

இந்தக் குழப்பத்தை எனக்குக் கொடுத்தது அழுக்கு உறை. இதே காலத்து 'முதல் பறப்பு' உறைகளும் (புதுத் தடத்தின் முதல் விமானத்தில் போனவை) சந்தையில் நிறைய உண்டு, விசேஷ முத்திரை குத்தி, தட்டச்சில் முகவரி அடித்து, கசங்காமல். அவற்றில் பெரும்பாலும் சேகரிப்பாளர் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டவை, பிரித்தால் உள்ளே காலி. பத்திரிகை வைக்காமல் அனுப்பிய கல்யாணக் கவர் மாதிரி. விலை மட்டும் அழுக்கு உறையைப் போல மூன்று நான்கு மடங்கு சொல்வார்கள்.

போர்க்கால உறைகள் இன்னும் பேசும். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக்கடல் வழி அடைபட்டு, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கெய்ரோ, கராச்சி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் வழியாக சிட்னி வரை லாட வடிவத்தில் ஒரு தடம் ஓடியது. அந்தக் காலத்து உறைகளின் ஓரத்தைக் கத்தரித்து, படித்துப் பார்த்து, தணிக்கைச் சீட்டு ஒட்டி அனுப்பியிருப்பார்கள். 1942-ல் ரங்கூன் விழுந்ததோடு எங்கள் பக்கத்துக் கட்டுகளில் பர்மா முத்திரை சட்டென்று நின்றுவிடும். பெட்டிக்குப் பெட்டி அதே இடத்தில் நிற்கும்.

1954-க்கு வந்தால் அட்டவணைக்கும் உறைக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். அந்த வருஷத்து பிஓஏசி (பிரிட்டிஷ் விமானக் கம்பெனி) அட்டவணையில் சிங்கப்பூர் ஒரு சாதாரண வரி, வரும் நேரம், போகும் நேரம். அந்த வருஷம் மார்ச் 13-ல் சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் இறங்கும்போது பிஓஏசியின் கான்ஸ்டலேஷன் விமானம் நொறுங்கி எரிந்ததில் 33 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், 1937 பிப்ரவரி 10-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தவர். எரிந்ததில் மிஞ்சிய கடிதங்களுக்கு 'மீட்கப்பட்ட தபால்' என்று முத்திரை குத்தி விலாசதாரர்களுக்கு அனுப்பினார்கள். அப்படி ஓரம் கருகிய உறை ஒன்றை ஒரு கண்காட்சியில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். வாங்குகிற வசதி எனக்கில்லை, வசதி இருந்தாலும் வாங்கியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

ஒரு இடத்தில் மட்டும் அட்டவணை தெளிவாக ஜெயிக்கும், மறைக்கக்கூடாது. 1949 ஜனவரி கடைசியில் தொடங்கிய ராத்திரி விமானத் தபால். சென்னை, பம்பாய், டெல்லி, கல்கத்தா நாலு ஊரிலிருந்தும் இரவில் டகோட்டா விமானங்கள் கிளம்பி, நடுநிசியில் நாக்பூரில் கூடி, பைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் அவரவர் ஊர் திரும்பிவிடும். சந்தைக்கு வந்த மாட்டு வண்டிகள் மாதிரிதான். இந்த ஏற்பாட்டின் அழகு அட்டவணையில் நாலு வரியையும் சேர்த்துப் படித்தால்தான் புரியும். என் கைக்கு வந்த உறைகளில் ஒன்றில்கூட நாக்பூர் முத்திரை இல்லை, கடிதம் அங்கே தூங்கிக்கொண்டே வண்டி மாறியிருக்கிறது.

போலி விஷயத்தில் அட்டவணைக்காரர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நான் ஏமாந்ததும் அப்படித்தான், ஒரு கடையில் முப்பதுகளின் வழித்தட வரைபடம் என்று நாலாயிரம் கொடுத்து வாங்கினேன், தேநீர்க் கறை உட்பட எல்லாம் இருந்தது. வீட்டுக்கு வந்து ரூபாய் நோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச்சை அடித்தால் தாள் நீலமாகப் பளீரென்று மின்னியது. தாளை வெளுப்பாகக் காட்டுகிற அந்த ரசாயனம் புழக்கத்துக்கு வந்ததே 1950 வாக்கில்தான். உருப்பெருக்கியில் வைத்தால் பிரிண்டர் மைத் துளிகள் வேறு பல்லிளித்தன. உறையில் இப்படிப் பண்ணுவது கஷ்டம், மூன்று ஊர் முத்திரையும் தேதியும் ரயில் கணக்கும் ஒத்துப்போக வேண்டுமே. அதனால்தான் யார் உறை காட்டினாலும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஐம்பதுகள், அறுபதுகளின் மலேயா ஏர் லெட்டர் போதும். பினாங்கிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் கட்டுக்கட்டாக வந்தவை, மலிவு, தாளே உறை என்பதால் விஷயமும் கூடவே இருக்கும். செலோ டேப் ஒட்டாதீர்கள். தபால் தலையைக் கத்தரிக்காதீர்கள். இதை நான் சொல்லக் காரணம் உண்டு: பத்து வயதில் எங்கள் ஐயாவின் ரங்கூன் கட்டு முழுவதையும் முற்றத்தில் உட்கார்ந்து கத்தரித்து, தலைகளைப் பித்தளைத் தாம்பாளத்தில் ஊறப்போட்டு, உறைகளை வெந்நீர் அடுப்பில் போட்டவன் நான்.

அந்தத் தேவகோட்டை உறைக்குள் கடிதமும் இருந்தது. புள்ளி வைக்காத கணக்குப்பிள்ளை எழுத்து, தொகைகள் தமிழ் எண்ணில். எனக்குப் பாதி புரியவில்லை என்று பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கொண்டுபோனேன். எண்பத்தாறு வயது, பழைய வரவு செலவு நோட்டுகள் படித்துப் பழகிய கண். பட்டாலையில் உட்கார்ந்து, உறையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார்கள். நெல் விலை, ஒரு பாக்கி, அடுத்தாளுக்கு (கடை உதவியாளுக்கு) காய்ச்சல், அனுப்பிய மாவடு வந்து சேர்ந்தது. கடைசி வரி ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தது. அதை மட்டும் ஆச்சி இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தார்கள்.

"இனிமேல் கப்பலிலேயே போடவும். பிளேன் தபாலுக்குக் காசு கூட."