கோல்சிசினா, ஒரைசலினா? கழுவும் தொட்டியில் வைத்துப் பார்த்தால்

மலேசியாவில் பகாவ் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, சின்னதாக ஒரு திசு வளர்ப்புக் கூடம் நடத்துகிறோம். ஆர்க்கிட், வாழை இரண்டிலும் குரோமோசோமை இரட்டிப்பாக்கிப் பார்க்கலாம் என்று முடிவானதும், எந்த மருந்தை வாங்குவது என்ற கேள்வி வந்தது. பாடப்புத்தகத்தைத் திறந்தால் கோல்சிசின். கூடம் நடத்துகிறவர்களைக் கேட்டால் பாதிப் பேர் ஒரைசலின் என்கிறார்கள். நாங்கள் ஒரைசலினை எடுத்தோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

விலையைப் பற்றி நீட்டப் போவதில்லை. இரண்டுமே மில்லிகிராம் கணக்கில் செலவாகும் பொருள், ஏஜெண்டுக்கு ஏஜெண்டு விலை மாறும், அவ்வளவுதான். இரண்டுமே செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் நூல்களைக் கட்டவிடாமல் செய்கின்றன. இரட்டித்த குரோமோசோம் பிரியாமல் ஒரே செல்லில் தங்கிவிடுகிறது. இரண்டிலுமே கலப்புச் செடிகள் வரும், ஒரே செடியில் ஒரு கிளை இரட்டித்தும் ஒரு கிளை இரட்டிக்காமலும் நிற்கும். இலைத்துளையின் அளவைப் பார்த்தோ செல்லின் டிஎன்ஏ அளவைக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி செய்தோ பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். இதில் எதுவும் எங்கள் முடிவை மாற்றவில்லை.

கோல்சிசினுக்குப் பழைய பெருமை உண்டு. 1820-இல் பெல்லெட்டியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். 1937-இல் பிளேக்ஸ்லியும் ஏவரியும் செடியில் இதை வைத்துக் குரோமோசோமை இரட்டிப்பாக்கிக் காட்டினார்கள். நமக்கும் தூரத்துச் சொந்தம்தான், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதே சரக்கு. திண்டுக்கல், கரூர் பக்கமெல்லாம் கண்வலிக் கிழங்கு என்று பயிர் செய்து விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். கவுட் என்ற மூட்டு வலிக்கு 0.5 மில்லிகிராம் மாத்திரையாகக் கிளினிக்கில் கொடுப்பதும் இதைத்தான். அதனாலேயே பலருக்கு இதன் மேல் பயமில்லை. தாத்தா சாப்பிட்ட மாத்திரைதானே என்பார்கள்.

இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கோல்சிசின் விலங்கு டியூபுலினை இறுக்கிப் பிடிக்கும், செடியின் டியூபுலினைத் தளர்வாகப் பிடிக்கும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். அதனால் செடியில் வேலை நடக்க வேண்டுமானால் அளவை ஏற்றியாக வேண்டும்: 0.05 சதவீதம் என்பது சாதாரணம், 0.5 வரை போகிறவர்களும் உண்டு. 0.05 என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம், அதாவது ஆயிரம் கவுட் மாத்திரை. ஒரைசலின் ஒரு களைக்கொல்லி, செடியின் டியூபுலினைத்தான் நன்றாகப் பிடிக்கும், மனித டியூபுலினை அவ்வளவாகச் சீண்டாது. 30 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) போதும் என்றால் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம்தான். ஐம்பதில் ஒரு பங்கு.

கோல்சிசின் உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உடனே காட்டிக்கொள்ளாது. முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்தி, வயிற்றுப்போக்கு. நேற்றுச் சாப்பிட்ட மீ கோரெங் சரியில்லை என்று ஆள் படுத்துக்கொள்வார். நாள் கழித்து எலும்பு மஜ்ஜை அடி வாங்கும், இரத்த அணுக்கள் இறங்கும், உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். கடையில் வாங்கி வைக்க விஷமுறிவு மருந்து கிடையாது, டயாலிசிஸ் செய்தாலும் வெளியே வராது. மருந்தோடு வரும் பாதுகாப்புத் தாளில் எச்300, எச்340 என்ற அபாயக் குறியீடு இரண்டும் போட்டிருக்கும்: விழுங்கினால் உயிர் போகும், மரபணுவைக் கெடுக்கலாம். வாய்க்குள் போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, உடம்பு நன்றாக இருந்தாலும், அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான். வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று உட்காரக் கூடாது.

சரி, எல்லாக் கூடத்திலும் விஷம் உண்டு, கையாளத் தெரிந்தவன் கையாளுவான் என்று சொல்லலாம். என் வாதம் அதற்கு அடுத்த இடத்தில்தான். மருந்தைக் கையாளுகிறவன் நான், படித்திருக்கிறேன், கையுறை போட்டிருக்கிறேன். வேலை முடிந்து நான் தேநீர் குடிக்கப் போன பிறகு ஃபிளாஸ்க்கைக் கழுவுவது யார்?

எங்கள் கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா பல வருடம் தோட்டத்தில் மருந்தடித்தவர். விஷம் என்றால் என்ன என்று என்னைவிட அவருக்குத் தெரியும். ஆனால் அவர் பழகிய விஷம் தன்னைக் காட்டிக்கொடுக்கும் விஷம். 2020 ஜனவரியில் மலேசியா தடை செய்த பாராகுவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் தெரியாமல் குடித்துவிடக் கூடாது என்று நீலச் சாயமும் நாற்றமும் சேர்த்தே விற்ற மருந்து அது. துணியில் பட்டால் தெரியும், காற்றில் வந்தால் மூக்குக்குத் தெரியும். கோல்சிசின் கரைசலைச் செடிக்குப் பயன்படுத்தும் அளவில் பார்த்தால் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர், வாடை என்று ஒன்றும் கிடையாது. மாதிரிக்கு ஒரு குப்பியைக் காட்டி இதுவும் மருந்துதான் என்றபோது, அக்கா அதைத் திறக்காமலே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி மாதிரி இருக்கே தம்பி, அவசரத்துல நான் ஊத்திருவேனே" என்றார். அதற்குமேல் எனக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கணக்கிலும் அதேதான் வருகிறது. ஃபிளாஸ்க்கின் அடியில் ஒரு மில்லிலிட்டர் தங்கிவிட்டது என்று வையுங்கள், எல்லாக் கூடத்திலும் தங்கும். கோல்சிசின் என்றால் அது அரை மில்லிகிராம், ஒரு முழு மாத்திரை, கழுவுகிறவர் கையில். ஒரு நாளில் இருபது ஃபிளாஸ்க் கழுவினால்? ஒரைசலின் என்றால் ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு, அதுவும் மனித செல்லை அதிகம் சீண்டாத சரக்கு. தவிர ஒரைசலின் தூளும் கெட்டியாகக் கரைத்து வைக்கும் ஸ்டாக் கரைசலும் நல்ல மஞ்சள் ஆரஞ்சு நிறம், மேசையில் ஒரு சொட்டு விழுந்தால் பளிச்சென்று தெரியும்.

கழிவுச் சட்டத்தில் மட்டும் ஒரைசலினுக்குச் சலுகை இல்லை. நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு, தொட்டியில் ஊற்றினால் ஆற்றுக்குத்தான் போகும். 2005-ஆம் ஆண்டின் பட்டியலிட்ட அபாயக் கழிவு விதிமுறைப்படி இரண்டையும் லேபிள் ஒட்டிச் சேர்த்து வைத்து, 180 நாளுக்குள் உரிமம் உள்ள நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். மருந்துபட்ட புட்டிக்குக் கழிவுக் குறியீடு எஸ்டபிள்யூ 409, துடைத்த காகிதத்துக்கும் வடிகட்டிக்கும் 410. நாங்கள் இருப்பது நெகிரி செம்பிலானிலேயே, புக்கிட் நானாஸ் கழிவு மையமும் இதே மாநிலத்தில்தான், ஆனால் சின்னக் கூடத்தின் ஒரு டின் கழிவுக்காக லாரியை வரவழைப்பது பெரிய தலைவலி. அந்தத் தலைவலி இரண்டுக்கும் ஒன்றே. எது வாங்கினாலும் முதல் இரண்டு அலசல் தண்ணீரை மருந்து போட்டவரே கழிவு டின்னில் ஊற்றிவிட்டுத்தான் ஃபிளாஸ்க்கை அக்காவிடம் கொடுக்கிறோம். டின்னில் மலாயும் ஆங்கிலமும் இருக்கிறது. நாங்கள் தடித்த மார்க்கரில் தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம், மண்டை ஓட்டுப் படத்தோடு.

இன்னொன்று, தூள். திசு வளர்ப்புக் கூடத்தில் லேமினார் ஃப்ளோ இருக்கும், தூளையும் புகையையும் வெளியே இழுத்து ஆளைக் காப்பாற்றும் ஃபியூம் ஹூட் பெரும்பாலும் இருக்காது. லேமினார் ஃப்ளோவில் வடிகட்டிய காற்று உள்ளிருந்து உங்கள் முகத்தைப் பார்த்து வீசுகிறது, அது செடியைக் காப்பாற்றும் பெட்டி, ஆளைக் காப்பாற்றாது. அதற்குள் கோல்சிசின் தூளை எடை போடுவது, தூளை அள்ளி மூக்கில் ஊதிக்கொள்வதற்குச் சமம். சாதாரண மருத்துவ முகமூடி இதற்கு உதவாது. ஆகவே எங்கள் கூடத்தில் தூள் புட்டியைத் திறப்பதே இல்லை. ஒரைசலினை ரப்பர் மூடி போட்ட 100 மில்லிகிராம் குப்பியாக வாங்கி, ஊசியால் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் 10 மில்லிலிட்டர் உள்ளே செலுத்திக் குப்பியிலேயே கரைத்துவிடுகிறோம். லிட்டருக்கு ஒரு மில்லிலிட்டர் போட்டால் ஏறக்குறைய 30 மைக்ரோமோலார் கிடைக்கும், ஒரு குப்பி பத்து லிட்டருக்கு வரும். தராசே தேவைப்படவில்லை. இதே 100 மில்லிகிராம் கோல்சிசின் 200 மில்லிலிட்டரோடு தீர்ந்துவிடும், அதனால்தான் அதை வாங்குகிறவர்கள் பெரிய புட்டியாக வாங்கி ஸ்பூனால் அள்ளுகிறார்கள்.

ஒரைசலினிடம் குறை இல்லையா என்றால், இருக்கிறது. புற்றுநோய் சந்தேகம் அதன் மேலும் உண்டு. தண்ணீரில் கரையவே கரையாது, அளவு கூடினால் செடி வளரும் ஊடகத்தில் படிகமாக இறங்கிவிடும். டிஎம்எஸ்ஓ அதைவிடப் பெரிய தொல்லை: தோல் வழியாகத் தானும் போகும், கூட இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். பால்மரமும் (ரப்பர்) நிற்கும் ஊரில் இருந்துகொண்டு, செயற்கை ரப்பரான நைட்ரைல் கையுறையை இரண்டிரண்டாகப் போடுகிறோம், தெறித்தால் அந்த நொடியே கழற்றி மாற்றிவிடுவது வழக்கம். 18.5 டிகிரிக்குக் கீழே டிஎம்எஸ்ஓ உறைந்துவிடும், ஏர்கானை இறக்கி வைத்திருந்தால் காலையில் ஸ்டாக் கட்டியாக நிற்கும், கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். களைக்கொல்லி என்பதால் நேரம் கூடினால் திசு கறுத்துவிடும், வாழையில் அதைப் பார்த்திருக்கிறோம்.

கோல்சிசின்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவர்கள், ஹூட் உள்ள பல்கலைக்கழகக் கூடத்தில் கரைத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் பட்டால் லூமிகோல்சிசினாக மாறி வீரியம் போய்விடும், பழுப்புப் புட்டியில் பூட்டி வையுங்கள், சாவி ஒருவரிடம் இருக்கட்டும். சிந்தினால் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள், விளக்குமாறு வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்களை அந்த வேலைக்கே விடாதீர்கள்.

ஆர்க்கிட், வாழை தாண்டி என் அனுபவம் மெல்லியது. விதையில்லாத தர்பூசணிக்காக நாற்றின் குருத்தில் கோல்சிசின் சொட்டு விடுகிறவர்கள் பலர். வெயிலில், வெளியிடத்தில், நாற்றுக்கு நாற்று குனிந்து செய்யும் அந்த வேலையில் ஒரைசலின் எவ்வளவு தூரம் நிற்கும் என்று நான் செய்து பார்க்கவில்லை. செய்தவர்கள் இருந்தால் எத்தனை மைக்ரோமோலார் போட்டீர்கள், எத்தனை நாற்று பிழைத்தது என்று எழுதுங்கள்.