விலகின டிஸ்க்கை உள்ளே தள்ளி வைக்கிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு. தடவுகிற இடம் ஒன்றில் 21 நாள் ‘உள்தசைப் பேக்கேஜ்’, நாளுக்கு 600 ரூபாய். 12,600 போன பிறகும் குனிந்தால் அதே பிடிப்பு. (வர்ம ஆசான்மாரைச் சொல்லவில்லை. இது வேறு கூட்டம்.)

முதல் நாளே அவர் கையைப் பிடித்து முதுகின் நடுவில் வைத்து, “இதா முட்டுதே, இதுதான் விலகின டிஸ்க்” என்றிருக்கிறார்கள். உங்கள் முதுகிலும் வைத்துப் பாருங்கள், முட்டும். அது முதுகெலும்பின் பின்முள், எல்லோருக்கும் உண்டு. டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள மெத்தை. அது இருப்பது பின்முள்ளுக்கு முன்னால், நரம்புகள் போகும் குழாயையும் தாண்டி, மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டிக்கொண்டு. பெருவிரலுக்கு எட்டாது. முறுக்கும்போது கேட்கிற ‘டப்’ மூட்டுத் திரவத்தில் வாயுக்குழி உண்டாகிற சத்தம். எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தம் இல்லை.

உள்தசை என்று ஒன்று இருப்பது நிஜம்தான். பின்முள்ளின் இரு பக்கப் பள்ளத்தில் மல்டிஃபிடஸ் என்ற தசை கிடக்கிறது. கயிறு போலத் திரண்டு கைக்குத் தட்டுப்படுவது அதற்கு மேலே உள்ள இரெக்டார் ஸ்பைனே என்ற தசை. பெரும்பாலும் பிசைவது அதைத்தான். மல்டிஃபிடஸின் இழைகள் 2 முதல் 4 எலும்பு தாண்டிச் சாய்வாக ஏறும். கீழிடுப்பில்தான் தடிமன் அதிகம். அதற்கும் அடியில் ரொட்டேட்டர்ஸ் என்ற குட்டையான தசைகள். மல்டிஃபிடஸின் முக்கிய வேலை, ஓர் எலும்பு அடுத்ததன்மேல் நழுவாமல் பிடித்து நிறுத்துவது. வலி வந்தால் வலித்த பக்கத்தில் இது மெலியும். வலி போனாலும் பலருக்குத் தானாகத் தேறுவதில்லை. மெலிந்த தசையைப் பிசைந்து தடிக்க வைக்க முடியுமா? எண்ணெய் அங்கே இறங்கவும் இறங்காது. சூட்டில் மேல்தசை கொஞ்சம் இளகும், அவ்வளவே.

மல்டிஃபிடஸுக்கு வேலை கொடுக்க வேண்டும். கையும் முழங்காலும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டி 8 வினாடி. பிறகு பக்கம் மாற்றி. பக்கத்துக்கு 6 தடவை. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் காலை ரொம்பத் தூக்கிவிட்டீர்கள், தாழ்த்துங்கள். வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

தொடை இடுக்கு மரத்தால், சிறுநீர் அடைத்தால், பாதம் தொங்கினால் அன்றைக்கே நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எலும்பு தேய்ந்த வயதானவர்களின் முதுகை மிதிக்க விடவே கூடாது, முள்ளெலும்பு நொறுங்கும்.

ரசீது கேட்டவருக்குக் கிடைத்தது, ‘எண்ணெய்’ என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, இன்னும் 7 நாள் வரச் சொன்னார்களாம்.