போட்டோ பேப்பரில் ஆன்டெனா: வெள்ளி நானோ மை எப்படி?

நுண்ணிய வெள்ளித் துகள் கலந்த, மின்சாரம் கடத்தும் மை இது. ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலையில் அடையாளம் சொல்லும் சிப் வில்லை) ஒன்றைச் சோதனைக்குச் செய்து பார்க்க, தாராளமாக வாங்கலாம். வெளியில் மாட்டுவதற்கு வேண்டாம். தாள் ஈரம் குடித்தால் ஒத்ததிர்வு, அதாவது ஆன்டெனா நன்றாக வேலை செய்யும் அலைவெண், கீழே இறங்கிவிடும்.

பளபளப்பான போட்டோ பேப்பரில் மை கச்சிதமாக உட்காருகிறது. சாதா ஏ4 தாளில் நாருக்குள் ஊறிக் கோடு அறுந்துபோகும். ஒருமுறை அச்சிட்டால் படலம் ஒரு மைக்ரானைக்கூட எட்டாது. டேக் இயங்கும் 866 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் பரவும் ஆழம் திண்ம வெள்ளியிலேயே சுமார் 2.2 மைக்ரான். ஆகவே மின்தடை குறைய மூன்று, நான்கு தடவை ஓட்டியாக வேண்டும். அங்கேதான் வம்பு: தாளைத் திரும்பச் செருகும்போது அரை மில்லிமீட்டர் விலகினாலும் சிப் உட்காரும் இடைவெளி ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தை மட்டும் முதல் ஓட்டத்தோடு விட்டுவிடுங்கள்.

சிப்பை ஒட்ட சால்டரிங் அயர்ன் பக்கமே போகாதீர்கள். உருகிய ஈயப்பற்று வெள்ளியைக் கரைத்துவிடும், தாளின் பூச்சும் கொப்பளிக்கும். வெள்ளி எபாக்சி (மின்சாரம் கடத்தும் பசை) போதும். மையின் விலைதான் கசக்கிறது.